சதைத் துணுக்கும் மரபணுப் பரிசோதனையும்



அண்மையில் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எங்கள் மருத்துவமனையைப் பார்வையிட வந்திருந்தார்கள். வார்டுகளையும் சமையற்கூடத்தையும் பார்த்துவிட்டு ஆய்வகத்தின் வாசலுக்கு வந்தபோது, அவர்களில் ஒரு தாயார் எங்களை நிறுத்திக் கேட்டார். அவருடைய தங்கைக்கு மார்பில் கட்டி, எங்களிடம்தான் சிகிச்சை. "சதையை எடுத்துப் பார்த்தீர்கள். புற்றுநோய்தான் என்று எழுதியும் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் எதற்கு டாக்டரம்மா ஜீன் டெஸ்ட் என்று இன்னும் பதினைந்து நாள் காக்க வைக்கிறீர்கள்? அதற்குள் நோய் பரவிவிடாதா?"

நியாயமான கேள்வி. வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. ஆகவே இந்த இதழின் பாடப் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். மரபணுப் பரிசோதனைகள் இன்று அநேகம். எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் ஒன்றும் விளங்காமல் போகும். எனவே மார்பகப் புற்றுநோயில் செய்யப்படும் ஹெர்-2 பரிசோதனை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

புற்றுநோயா இல்லையா என்ற முதல் கேள்விக்கு இன்றைக்கும் பதில் சொல்வது பெரும்பாலும் மைக்ராஸ்கோப்தான். ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, நீலமும் இளஞ்சிவப்புமான சாயம் ஏற்றிப் பார்க்கிறார் நோய்க்குறியியல் நிபுணர். உயிரணுக்களின் உருவம், அடுக்கு, அவை தம் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் புகுந்திருக்கின்றனவா என்பதை எல்லாம் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கட்டிகள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஒன்று அறுவை முடிந்தபின் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும். மற்றொன்று இரண்டே ஆண்டில் ஈரலிலோ எலும்பிலோ மறுபடி தலைகாட்டும். இந்த வேற்றுமையின் காரணம் உருவத்தில் தெரியாமல் உயிரணுவின் உட்கருவுக்குள், மரபணுக்களில் இருக்கக்கூடும்.

இதற்கு முதல் சாட்சி கிடைத்தது 1960இல். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், ஒரு வகை இரத்தப் புற்றுநோயில் குறுகிப்போன ஒரு குரோமோசோம் இருப்பதைக் கண்டார்கள். 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி அம்மையார், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் நுனிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று காட்டினார். அந்தப் பிழையையே குறிவைத்த இமாட்டினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2001இல். கண்டதற்கும் குணமாக்கும் மருந்துக்கும் இடையே 41 ஆண்டுகள். ஆய்வகத்தில் செலவாகும் காலத்தை வீண் என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதுண்டு.

இனி ஹெர்-2. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் 17ஆம் குரோமோசோமில் இந்த மரபணு இருக்கிறது. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று, ஆக இரண்டு பிரதிகள். உயிரணுவின் மேற்பரப்பில் நின்று, "வளரலாம்" என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு புரதத்தை உண்டாக்குவது இதன் வேலை. சில மார்பகக் கட்டிகளில் இந்த மரபணு தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டே போகிறது. இரண்டு பிரதி இருக்கவேண்டிய இடத்தில் பத்து, இருபது என்று குவிந்துவிடுகிறது. ஒரு வீட்டு வாசலில் ஒரு அழைப்பு மணிக்குப் பதில் இருபது மணி பொருத்தி, எல்லாம் ஓயாமல் அடித்தால் எப்படியோ, அப்படித்தான். உயிரணு ஓய்வில்லாமல் பெருகுகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டெனிஸ் ஸ்லாமன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 189 கட்டிகளைச் சோதித்து 1987இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இந்த மரபணு பெருகியிருந்தது. அப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் இந்தப் பங்கு 15 முதல் 20 சதவீதம் என்று திருத்தப்பட்டது. அந்த நாளில் இது கேட்க விரும்பாத செய்தி. ஆனால் அதே புரதத்தைப் பற்றிக்கொண்டு அடைத்துவிடும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹெர்செப்டின் என்ற வணிகப் பெயரை உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். அறுவைக்குப் பின் கீமோவோடு இதையும் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2005இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. கெட்ட சகுனமாக இருந்த சோதனை முடிவு, மருந்துக்கு வழிகாட்டும் முடிவாக மாறியது இப்படித்தான்.

எல்லாருக்கும் இந்த ஊசியைப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். மரபணு பெருகாத கட்டியில் டிராஸ்டுசுமாப் பிடித்துக்கொள்ள இடமில்லை, பயன் இல்லை. மருந்தோ மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீதம் பெரும்பாலும் ஓராண்டு போடவேண்டியது. சிலருக்கு இருதயத்தின் பலத்தைக் குறைத்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ பரிசோதனை செய்துகொண்டே போகவேண்டும். 2014இல் இந்தியாவில் தயாரான ஒத்த மருந்து கடைக்கு வந்தபின் விலை இறங்கியது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனாலும் ஓராண்டுச் செலவு என்பது நிலத்தை அடகு வைக்கும் செலவுதான். தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் நிலமும் போகும், இருதயமும் கெடும். தேவையானவருக்குக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் எழுத வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பிழை செய்ய இடமில்லாத சோதனை இது.

சோதனை எப்படி நடக்கிறது? முதலில் மலிவான வழி. மெழுகில் பதித்த சதையை ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பங்கிட்டால் வரும் கனத்துக்கும் குறைவாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றுகிறார்கள். ஹெர்-2 புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டும் ஒரு எதிர்ப்பொருளை அதன்மேல் விடுகிறார்கள். ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகும். நிறமே இல்லை என்றால் 0, மங்கலாக இருந்தால் 1+, கட்டியின் உயிரணுக்களைச் சுற்றிக் கரை கட்டினாற்போல் அடர்ந்து இருந்தால் 3+. இந்த 3+ வந்தால் மருந்து உண்டு. 0, 1+ வந்தால் டிராஸ்டுசுமாப் இல்லை. (1+ வந்தவர்களிலும், நோய் பரவிவிட்ட சிலருக்கு உதவும் வேறொரு புதிய மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அது தனிக் கதை.) சங்கடம் இடையில் வரும் 2+இல். உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்போதுதான் மரபணுவையே எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்தச் சோதனைக்கு ஃபிஷ் என்று பெயர். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீளமான ஓர் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்கள் அவை. சதைச் சீவலைச் சூடாக்கி, முறுக்கிய இரட்டை இழையாக இருக்கும் மரபணுப் பொருளைத் தனி இழைகளாகப் பிரிக்கிறார்கள். ஒளிரும் சாயம் கட்டிய இரண்டு சிறு துண்டுகளை அதன்மேல் விடுகிறார்கள். ஒன்று ஹெர்-2 மரபணுவோடு போய்ச் சேர்ந்து சிவப்பாக ஒளிரும். மற்றது 17ஆம் குரோமோசோமின் இடுப்புப் பகுதியோடு சேர்ந்து பச்சையாக ஒளிரும். ஓர் இரவு வைத்திருந்து, கழுவி, இருட்டறையில் ஒளிர் மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்க்கிறார்கள். கறுத்த வானத்தில் நீலமான உட்கருக்கள், அவற்றுக்குள் சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும். குறைந்தது இருபது உயிரணுக்களில் ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். பச்சை இரண்டு, சிவப்பு இரண்டு என்றால் சரியான கணக்கு. பச்சையைப் போல் சிவப்பு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ, ஓர் உயிரணுவுக்குச் சராசரி நான்குக்குக் குறையாமலும் இருந்தால் மரபணு பெருகியிருக்கிறது. சிலரின் கட்டியில் எண்ணவே முடியாது. கையளவு குங்குமத்தை வாரி இறைத்தாற்போல் சிவப்பு மண்டிக் கிடக்கும்.

இந்த வசதி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. மெழுகுக் கட்டியைப் பெரிய ஆய்வகத்துக்கு கூரியரில் அனுப்புகிறோம். போக, செய்ய, எண்ண, வர என்று அந்தப் பதினைந்து நாள் ஆகிறது. இடையில் ஸ்கேன், எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் நடக்கின்றன. நோயாளி சும்மா இருப்பதில்லை. அந்தத் தாயார் பயந்ததுபோல் இந்த இரண்டு வாரத்தில் நோயின் நிலை மாறிவிடுவதில்லை. மாறாக, தவறான மருந்தில் தொடங்கினால் இழப்பது வாரங்கள் அல்ல, மாதங்கள்.

இதுவரை சொன்னது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்கும். நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. இந்தச் சோதனை தொடங்குவது ஆய்வகத்தில் அல்ல. கட்டியை உடலிலிருந்து எடுத்த நிமிடத்தில், அது போய் விழும் பாட்டிலில் தொடங்குகிறது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கருவாடு போடுகிறவர்கள் மீன் கரைக்கு வந்தவுடன் உப்பிடுவார்கள். வெயில் ஏறும்வரை விட்டுவிட்டு அப்புறம் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும், உள்ளே தொடங்கிய அழுகல் திரும்பாது. பெரிய மீனானால் முழுசாக உப்பில் போடமாட்டார்கள், கீறித்தான் போடுவார்கள். சதைக்கும் அதே நியாயம். இரத்த ஓட்டம் நின்றவுடனே உயிரணுக்கள் தம்மைத்தாமே கரைக்கத் தொடங்குகின்றன. மரபணு இழைகள் துண்டு துண்டாக உடைகின்றன. அதை நிறுத்துவது ஃபார்மலின். ஒரு மணி நேரத்துக்குள் சதை அதில் இறங்கவேண்டும். சதையைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கவேண்டும். அது உள்ளே ஊறுவது மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்; ஆகவே எலுமிச்சம்பழம் அளவுக் கட்டியை முழுசாகப் போட்டால் தோல் மட்டும் பதமாகி நடு அழுகிவிடும். விரற்கனத்துக்கும் மெல்லிய வில்லைகளாகக் கீறிப் போடவேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறவேண்டும். ஃபார்மலினும் அமிலத்தன்மை ஏறாதபடி உப்புகள் சேர்த்துச் சமன்செய்ததாக இருக்கவேண்டும். பழைய கடுப்பான ஃபார்மலின் மரபணுவைத் தின்றுவிடும். எலும்பிலிருந்து எடுத்த துணுக்கை மிருதுவாக்கக் கடும் அமிலத்தில் போட்டாலும் இதே கதிதான்.

2007இல் அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர்களும் நோய்க்குறியியல் நிபுணர்களும் கூடி ஹெர்-2 பரிசோதனைக்கு நெறிமுறை வகுத்தபோது, அன்று நடந்துவந்த சோதனைகளில் ஏறத்தாழ 20 சதவீதம் தவறாக இருக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். சகல வசதியும் உள்ள நாட்டில் ஐந்தில் ஒன்று! சதையைக் கையாளும் முறைக்கு மணிக்கணக்கு வைத்தது அதற்குப் பிறகுதான்.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். ஒரு சகோதரிக்கு வேறொரு ஊரில், சாதாரணக் கட்டி என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அறுத்து எடுத்தார்கள். கட்டியை முழுசாக ஒரு பாட்டிலில், குளுக்கோஸ் ஏற்றும் இடத்தில் இருக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, மூடி, தம்பியின் கையில் கொடுத்தார்கள். பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்னதால் அவர் அதை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துத் திங்கட்கிழமை காலையில் எங்களிடம் கொண்டுவந்தார். பாட்டிலைத் திறந்தபோதே எங்கள் டெக்னீஷியனுக்குத் தெரிந்துவிட்டது. புற்றுநோய் என்று சொல்லும் அளவுக்கு ஓரங்கள் தப்பியிருந்தன. பழுப்பு நிறச் சோதனை திட்டுத்திட்டாக வந்தது. அதை வைத்து எண் கொடுக்க நிபுணர் மறுத்துவிட்டார். ஃபிஷ்ஷுக்கு அனுப்பினோம். நீலம் இருந்தது, சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கட்டணம் கட்டியாயிற்று, பதில் இல்லை. கட்டி முழுவதும் எடுத்தாகிவிட்டதால் மறுபடி எடுத்துப் பார்க்க அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தத் தம்பி எங்கள் முன் உட்கார்ந்து, "நான் ஃபிரிட்ஜில் வைத்தது தப்பா அம்மா?" என்று கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று பலமுறை சொன்னோம். அறுத்தவர்களை மட்டும் குறை சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. சுற்றுவட்டாரச் சிறு மருத்துவமனைகள் எங்களுக்குச் சதை அனுப்புவதை ஆண்டுக்கணக்காகப் பெற்றுக்கொண்ட நாங்கள், சரியான பாட்டிலை ஒருமுறைகூட அவர்களுக்கு அனுப்பியதில்லை. இப்போது அனுப்புகிறோம். சமன்செய்த ஃபார்மலின் நிரப்பிய அகல வாய்ப் பாட்டில்கள். மேலே ஒட்டிய சீட்டில், எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் என்று இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டை நிரப்பாமல் வரும் பாட்டிலுக்கு நாங்கள் போன் போட்டுத் தொந்தரவு செய்வதால் எங்கள்மேல் சிலருக்கு வருத்தம். இருக்கட்டும்.

அந்தச் சகோதரிக்கு மறுபடி அறுவை செய்து அக்குளிலிருந்த நெறிகளை எடுத்தபோது, ஒரு நெறியில் நோய் இருந்தது. வேறு நேரமானால் அது துக்கச் செய்தி. அன்று எங்கள் அறுவை அறையில் அதற்காகவே ஒரு செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழாவது நிமிடத்தில் அது ஃபார்மலினில் இருந்தது. அந்த நெறியில் செய்த சோதனை 2+. ஃபிஷ் பார்த்ததில் மரபணு பெருகியிருந்தது. ஊசி தொடங்கினோம்.

இன்னொரு காரியம். இது மருத்துவம் அல்ல. ஆனால் சோதனை நின்றுபோவதற்கு எங்கள் அனுபவத்தில் பணத்துக்கு அடுத்த காரணம் இதுதான். ஒரு தாய் எங்கள் காதருகே வந்து, "சீட்டில் ஜீன் டெஸ்ட் என்று எழுதாதீர்கள் அம்மா. பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். மரபணு என்ற வார்த்தையிலேயே மரபு இருப்பதால், வம்சத்தைப் பற்றிய சோதனை என்று நினைத்துவிடுகிறார்கள். ஹெர்-2 பெருகுவது பிறவியில் வருவதல்ல. அந்தக் கட்டிக்குள், அந்த உயிரணுக்களில் மட்டும், வாழ்நாளின் நடுவில் நேர்ந்த கோளாறு. தாயின் இரத்தத்தில் அது இல்லை. மகளுக்குப் போவதும் இல்லை. குடும்பவழி வரும் மார்பகப் புற்றுநோயும் உண்டு என்பது உண்மைதான். 1994இலும் 1995இலும் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்ற மரபணுக்களின் பிழை அதற்கு முக்கிய காரணம். ஆனால் மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கே குடும்பவழிக் காரணம் இருக்கிறது. அதற்கான சோதனை வழக்கமாக இரத்தத்திலோ உமிழ்நீரிலோ, தனியாக விளக்கிச் சொல்லி, தனியாகச் சம்மதம் வாங்கிச் செய்யப்படுவது. கட்டியின் சதையில் ஹெர்-2 பார்ப்பது நோயைப் பற்றிய விசாரணை. வீட்டைப் பற்றிய விசாரணை அல்ல. சபைகளில் பெண்களோடு பேசும் போதகரம்மாமார் இந்த ஒரு வேற்றுமையைச் சொல்லிக்கொடுத்தால், எங்கள் பாதி வேலை குறையும்.

நோயாளிகளைச் சந்திக்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு நடைமுறை உதவியும் சொல்லிவிடுகிறோம். ஒரு மருத்துவமனையிலிருந்து வேறொன்றுக்கு மாறுகிறவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தாளில் மரபணு இல்லை. மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் "பிளாக், ஸ்லைடு" என்று கேட்டால் புரியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். பிளாக்கில் உள்ள சதை நன்றாகப் பதமாக்கப்பட்டிருந்தால் பல ஆண்டுகள் கழித்தும் அதில் சோதனை செய்யலாம். நோயாளியை மறுபடி ஊசியால் குத்தவேண்டாம். ஆனால் மெழுகு உருகும். பஸ்ஸில் இன்ஜின் பெட்டிமேல் வைத்தோ, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டோ கொண்டுவரக் கூடாது. சிறு டப்பாவில் பஞ்சு வைத்து, கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

வாசலில் கேள்வி கேட்ட தாயாரின் தங்கைக்கு முடிவு வந்துவிட்டது. பழுப்பு நிறச் சோதனையில் 2+. ஃபிஷ்ஷில் பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய சமம், மரபணு பெருகவில்லை. அக்காளும் தங்கையுமாக வந்து தாளை வாங்கிக்கொண்டார்கள். "இது நல்லதா, கெட்டதா டாக்டரம்மா?" என்று அக்காள்தான் கேட்டார். இரண்டும் இல்லை, அந்த விலை உயர்ந்த ஊசி இவர்களுக்கு வேண்டாம் என்று தெரிந்திருக்கிறது, கீமோவை வருகிற திங்கட்கிழமை தொடங்கலாம் என்றோம். தங்கை அதுவரை பேசவில்லை. எழுந்து போகும்போது, "அப்போ வயலை விற்க வேண்டியதில்லை" என்று அக்காளிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது.